மூச்சடக்கிச் சுழியோட என்ன மணிக்கூடு? மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் பாவிக்கிறவங்க சொல்லுங்க

வாழைச்சேனை

முகப்பில் 200 மீற்றர், 300 மீற்றர் என்று அடித்திருக்கிற இலக்கத்தை மட்டும் வைத்துத் தெரிவு செய்யாதீங்க. 20 மீற்றர் ஆழத்தில் தண்ணீர் தருகிற மேலதிக அழுத்தம் 2 பார்தான். நம்மில் பெரும்பாலானவங்களுக்கு அதுக்குக் கீழே வேலையில்லை. அப்போ ஏன் 200 மீற்றர் கேட்கிறோம்? பக்கவாட்டில் நேரம் மாற்றுகிற, திருகி இறுக்குகிற சாவி, தண்ணீர் புகாமல் அடைக்கிற தடித்த றப்பர் வளையம், திருகுகிற பின்மூடி மூன்றும் பெரும்பாலும் அந்த வகையில்தான் சேர்ந்து வரும்.

பார்க்க வேண்டிய எழுத்து வேறு. சுழியோட்ட மணிக்கூடுகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6425க்குச் செய்ததென்றால் ‘டைவர்ஸ்’ என்ற சொல் முகப்பிலோ பின்மூடியிலோ இருக்கும். அதில் ஒவ்வொரு மணிக்கூட்டையும் தனித்தனியே, எழுதியிருக்கிற அழுத்தத்துக்கு மேல் 25 வீதம் கூட்டிச் சோதிக்க வேணும். வெறும் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்றால் ஐ.எஸ்.ஓ. 22810; அதில் மாதிரிக்குச் சிலதைச் சோதித்தால் போதும். அதுக்காக அந்த வகை கூடாதென்றில்லை. கசியோ எம்.டி.வி. 106 அந்த வகைதான். 200 மீற்றர், திருகுச் சாவி, விலையும் தாங்கும். பழகுகிறவருக்கு அது காணும். ஹீலியம் வால்வு (நாட்கணக்கில் அழுத்த அறையில் தங்கி வேலை செய்கிற சுழியோடிகளுக்கானது) உள்ளதுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீங்க. மூச்சடக்கிப் போகிறவருக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

தெருக்கடை நகல்களில் மூன்றைப் பாருங்க: சாவி உண்மையாகத் திருகிப் பூட்டுதா, முகப்பைச் சுற்றியுள்ள வெளிவளையம் இடப்பக்கம் மட்டும் சுற்றுதா, பின்மூடியைத் திறந்தால் உள்ளே றப்பர் வளையம் இருக்கா. பெயர் பெரிதாக இருக்கும், றப்பர் வளையமே இருக்காது.

கையை வீசினால் அழுத்தம் பல மடங்காகி மணிக்கூட்டுக்குள் தண்ணீர் போகும் என்று ஒரு கதை இருக்கு. கணக்குப் பாருங்க: செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் கை அசைந்தால் கூடுகிற அழுத்தம் 5 சென்ரிமீற்றர் தண்ணீருக்குச் சமம். 5 மீற்றர் வேகத்தில் வீசினாலும் ஒன்றேகால் மீற்றர் அளவுதான். 30 மீற்றர் மணிக்கூடு நனைவது மெல்லிய வளையத்தாலும், வயசாலும், தண்ணீருக்குள் பொத்தான் அமத்துவதாலும்.

கல்லடி

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். மணிக்கூடு வாங்குவது மேலே வந்த பிறகு பார்க்கிறதுக்கு. தலைகீழாக இறங்கும்போது மணிக்கட்டைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் கழுத்து நீண்டு காதைச் சமப்படுத்துவது கஷ்டமாகும், உடம்பின் நேர்கோடு குலைந்து தண்ணீர் தடுக்கும். இரண்டுக்கும் ஒட்சிசன்தான் செலவு. ஆகவே கீழே தெரிய வேண்டியதை அதிர்வோ சத்தமோ சொல்லட்டும். அதிர்வே மேல். பக்கத்தில் இயந்திரப் படகு ஓடினால் அந்தச் சின்னச் சத்தம் அமுங்கிப் போகும்.

ஆழ அலாரம் இரண்டு போதும். முதலாவது 10 மீற்றரில். பாரப்பட்டியைச் சரியாகக் கட்டியிருந்தால் மிதப்பு முடிந்து உடம்பு தானாக இறங்கத் தொடங்குகிற இடம் ஏறக்குறைய அதுதான், காலடிப்பதை நிறுத்தலாம். இரண்டாவது, போக நினைத்த ஆழத்துக்கு 3 மீற்றர் முன்னே. செக்கனுக்கு 1 மீற்றர் இறங்குகிறவருக்கு அது 3 செக்கன் முன்னறிவித்தல். அதுக்கு மேலும் அலாரம் வைத்தால் எது எதுக்கென்று கீழே யோசிக்க வேண்டி வரும்.

ஆழத்தையும் நேரத்தையும் தானே பதிகிற கணினி மணிக்கூடு என்றால் ‘ஏப்னியா’ முறை, அதாவது மூச்சடக்கிச் சுழியோடுவதுக்கான முறை, கட்டாயம் இருக்கணும். அதில் ஆழத்தைச் செக்கனுக்கு ஒரு தரமாவது பதியும். காற்றுப் போத்தலோடு போகிற சுழியோட்ட முறையில் 10, 20 செக்கனுக்கு ஒருக்கால் பதிகிறதை வைத்து ஒரு நிமிடச் சுழியோட்டத்தைப் பார்த்தால் வரைபடத்தில் நாலைந்து புள்ளிதான் மிஞ்சும். சூன்டோ டி4எஃப், மாரெஸ் ஸ்மார்ட் ஏப்னியா இரண்டும் இதுக்கென்றே செய்தவை. கார்மின் டிசென்ட் வரிசையிலும் இந்த முறை இருக்கு. அப்பிள் வோச் அல்ட்ராவின் ஆழமானி 40 மீற்றரோடு நின்றுவிடும்.

மேலே வந்ததும் முதலில் மூச்சு. முகக்கண்ணாடியைக் கழற்றி, கூட்டாளிக்குக் கைச்சைகை காட்டி, மறுகா மணிக்கூடு. இளைப்பாறும் நேரத்துக்கு இரண்டு கணக்கு பாவிக்கிறாங்க: கீழே இருந்த நேரத்தின் இரு மடங்கு ஒன்று, ஆழத்தை 5ஆல் பிரித்து வருகிற நிமிடம் மற்றது. இரண்டில் பெரியதை எடுங்க. 15 மீற்றருக்கு 1 நிமிடம் 10 செக்கனில் போய் வந்தால் முதல் கணக்கில் 2 நிமிடம் 20 செக்கன், இரண்டாவதில் 3 நிமிடம். ஆகவே 3. அதே 25 மீற்றர் என்றால் 5 நிமிடம். முள் மணிக்கூட்டில் இதுக்குத்தான் வெளிவளையம்: மேலே வந்து மூச்சு சீரானதும் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வையுங்க. ஒரு சுற்றுக்கு 120 தட்டு (‘டிக்’ என்று நிற்கிற இடம்) உள்ள வளையத்தில் ஒரு தட்டு அரை நிமிடம், 60 தட்டில் ஒரு நிமிடம்.

கூட்டாளியின் கையிலும் ஒன்று கட்டாயம் வேணும். தனியே போகவே கூடாது. மயக்கம் பெரும்பாலும் கடைசி 10 மீற்றரிலும் மேலே வந்த உடனேயும்தான் வரும். அவர் உங்கள் நேரத்தைப் பிடித்து, 10 மீற்றர் அளவில் எதிரே இறங்கி, கூடவே ஏறி, மேலே வந்தும் 30 செக்கன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கணும்.

களுவாஞ்சிகுடி

‘ஹேர்மிஸ்’ கப்பலுக்கு எந்த மணிக்கூடு என்று கேட்கிறவங்களுக்கு: 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய அந்த விமானந்தாங்கி 50 மீற்றருக்கும் கீழே கிடக்கு. அது மணிக்கூட்டுக் கேள்வியே இல்லை. போத்தலோடு எந்தக் கப்பலுக்குப் போய் வந்தாலும் 24 மணித்தியாலம் மூச்சடக்கி இறங்காதீங்க. பல கணினி மணிக்கூடுகள் அந்த நேரம் ஏப்னியா முறையைப் பூட்டி வைக்கும். பழுதென்று நினைத்து அந்தப் பூட்டை ஏமாற்ற வழி தேட வேணாம்.

பொத்துவில்

அறுகம்பைப் பக்கம் அடிக்கடி வருகிற தொல்லை: கரைக்கு வந்த பிறகும் 0.7, 0.8 மீற்றர் காட்டும், சுழியோட்டம் முடியாமல் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அலைப்பலகைக்குப் பூசுகிற மெழுகு காரணமாகுமா, கல்முனைக் காக்கா?

கல்முனை, மணிக்கூடு திருத்துகிறவர்

ஆகும் தம்பி. மெழுகு, வெயிலுக்குப் பூசுகிற கிறீம், உப்பு, மணல் நாலும் ஒரே இடத்தைத்தான் அடைக்கும். பக்கத்திலோ பின்னாலோ சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதுக்குப் பின்னால்தான் அழுத்த உணரி. ஓட்டை அடைபட்டால் கீழே ஏறிய அழுத்தம் உள்ளே சிறைப்பட்டு, மேலே வந்தும் இறங்காது.

ஊசி, குண்டூசி, பல்லுக்குத்தி எதையும் விடாதீங்க. உணரியின் தோல் மெல்லியது, ஒரு குத்தில் மணிக்கூடு முடிஞ்சுது. ரயர் கடையில் காற்றடிப்பதும் அதே கேடுதான். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில், 40 பாகைக்குக் கூடாமல், இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவிட்டு, இடையில் தண்ணீரை மாற்றி ஆட்டி எடுங்க. மெழுகுக்கும் கிறீமுக்கும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். அதுக்கும் சரிவராவிட்டால் செய்தவங்களின் முகவரிடம்தான் கொடுக்கணும்.

ஆழம் சரியாகக் காட்டியும் சுழியோட்டம் முடியாவிட்டால் வேறு இடத்தைப் பாருங்க. தண்ணீர் பட்டதும் தானாகத் தொடங்குகிற வகையில் இரண்டு உலோகப் புள்ளி இருக்கும். இடையில் உப்புப் படலம் நின்றால் காய்ந்த பிறகும் ‘தண்ணீருக்குள்தான் இருக்கேன்’ என்று நினைத்துப் பற்றரியைத் தின்னும். சவர்க்காரமும் மென்மையான பல்துலக்கியும் போதும்.

இனிப் பற்றரி. தண்ணீர் போகிற மணிக்கூடுகளில் கன பங்கு பற்றரி மாற்றிய பிறகுதான் போகுது. காரணம் பழைய வளையத்தையே திரும்பப் போடுவது, அல்லது வளையத்தில் கிடந்த ஒற்றை நூல், ஒற்றைத் தலைமயிர். நாணயத்தால் திறக்கிற பற்றரி மூடியை வீட்டிலேயே மாற்றலாம். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி முழுதாகக் காயவிடுங்க. பழைய வளையத்தைப் பிளாஸ்ரிக் துண்டால் எடுங்க. உலோகத்தால் கிளறினால் தவாளிப்பில் கீறு விழும், அந்தக் கீறு வழியாகவே தண்ணீர் ஏறும். தும்பு விடாத துணியால் தவாளிப்பைத் துடைத்து, புதிய வளையத்தில் சிலிக்கன் கிறீஸை மினுக்கம் தெரிகிற அளவுக்கு மட்டும் பூசுங்க. கட்டியாகப் பூசினால் மணலைப் பிடிக்கும். வளையமே சிலிக்கனில் செய்ததென்றால் சிலிக்கன் கிறீஸ் அதை ஊத வைக்கும், கையேட்டைப் பார்த்துப் பூசுங்க. இயந்திர எண்ணெயும் வஸ்லினும் வேணாம். பற்றரி சி.ஆர். 2032ஆ 2450ஆ என்பதும் கையேட்டில் இருக்கும். தடிப்பு வேறானதால் ஒன்றுக்கு மற்றதை அமுக்கிப் போடாதீங்க.

பின்மூடி திருகுகிற வகையைக் கடையில் கொடுத்தால், அழுத்தச் சோதனை செய்து தருவாங்களா என்று முதலே கேளுங்க. கருவி இல்லாவிட்டால் குறைந்த பட்சம் இதைப் பாருங்க: மணிக்கூட்டை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடத்தில் துடையுங்க. உட்பக்கம் பனி பிடித்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கு. பனி இல்லாததால் மட்டும் நீரடைப்பு நல்லதென்று ஆகாது. சொட்டு உள்ளே இருக்கிற ஈரத்தைத்தான் காட்டும்.

கடல் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அரிசிக்குள் புதைக்காதீங்க. அரிசி உப்பை எடுக்காது. அன்றைக்கே திறந்து பற்றரியைக் கழற்றணும். பல கணினி மணிக்கூடுகளில் பற்றரி அறை தனியாக அடைத்திருக்கும். அறை மட்டும் நனைந்ததென்றால் வாகனப் பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த நீரால் அலசிக் காயவைத்து, புதுப் பற்றரியும் வளையமும் போட்டால் பெரும்பாலும் தப்பும். உட்கருவி நனைந்திருந்தால் ஒவ்வொரு மணித்தியாலமும் துருதான்.

பாசிக்குடா

பட்டி பற்றி ஒருவரும் சொல்லல்லயே. சுழியோட்ட உடுப்புக்கு மேலே கட்டுகிறவங்க கவனிங்க: ஆழத்தில் உடுப்பு நசுங்கி மெலியும், மேலே இறுக்கமாக இருந்த பட்டி கீழே தளர்ந்து மணிக்கூடு சுழலும். இழுபடுகிற றப்பர் பட்டி அந்த இடைவெளியைத் தானே எடுக்கும். வெறுங்கையில் கட்டுகிறவருக்கு ஒரே துண்டாக மணிக்கூட்டுக்குக் கீழால் ஓடுகிற நைலோன் பட்டி நல்லது. பட்டியைப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்பி ஒரு பக்கம் கழன்றாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பிகள் சில நூறு ரூபா. கடல் பருவம் தொடங்க முதல் இரண்டையும் மாற்றுங்க.

இங்கே நெடுந்தூரம் ஆழமில்லாத தண்ணீர், காலடித்தால் பொடி மணல் கிளம்பி வெளிவளையத்துக்குள் போய் இறுகிவிடும். பலவந்தமாகத் திருப்பாதீங்க, உள்ளே உள்ள தட்டுக் கம்பி வளையும். ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே மெதுவாகச் சுற்றி, இடுக்கில் மெல்லிய தங்கூசி நரம்பை ஒரு சுற்று ஓட்டினால் மணல் வெளியே வரும்.

கல்லடி

கழுவுகிற தண்ணீரையும் பாருங்க. கரையோரக் கிணறுகள் பலதில் கோடையில் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் உப்பைத் திரும்பப் பூசின மாதிரித்தான். குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்து 15, 20 நிமிடம் ஊறவிடுங்க. சாவி திருகிய படியே இருக்கட்டும், வெளிவளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றுங்க. கழுவும்போது பொத்தான் அமத்த வேணாம். நிழலில் காயவையுங்க. படகுத் தட்டிலும் மோட்டார் சைக்கிள் தாங்கியிலும் நடு வெயிலில் விட்டால் திரை கறுக்கும், வளையம் சீக்கிரம் கிழடாகும். நுளம்புக்குப் பூசுகிற திரவம் பிளாஸ்ரிக்கையே கரைக்கும். கை கழுவிவிட்டுக் கட்டுங்க.

மீளேற்றுகிற வகையில் உலோகப் புள்ளிகள் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மின்னேற்றணும். ஈரத்தோடு செருகினால் அந்தப் புள்ளிகள் பச்சை பிடித்து அரித்துப் போகும். மாரியில் கடல் கலங்கி மாதக் கணக்கில் வேலையில்லாமல் இருக்கும்போது பாதி அளவு மின்னேற்றி, சிலிக்கா ஜெல் பொதியோடு மூடுகிற டப்பாவில் வையுங்க, மாதம் ஒருக்கால் எடுத்துப் பாருங்க. பற்றரி முடிந்த மணிக்கூட்டை அப்படியே வைக்காதீங்க, உள்ளே ஒழுகும். றப்பர் பட்டியை மடிக்காமல் நீட்டி வையுங்க. சித்திரை பிறந்து வாடை ஓய்ந்ததும் முதலில் 3 மீற்றரில் கயிற்றில் கட்டி இறக்கி, காட்டுகிற ஆழத்தைக் கயிற்றில் போட்ட அளவு முடிச்சோடு ஒத்துப் பாருங்க. அரை மீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கல்முனைக் காக்கா சொன்ன ஊறவைப்பை முதலில் செய்யுங்க.