செயற்கைக்கோள் படத்துக்கு எந்த நிறவரிசை? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வீடு. கோவையில் எம்.எஸ்சி. படிக்கிறேன், இந்தப் பருவத்தில் கணினிப் பட ஆய்வும் தரவுக் காட்சிப்படுத்தலும் பாடம்.

எங்கள் பக்கத்துத் தென்னையும் நெல்லும் மாதாமாதம் எப்படி மாறுகின்றன என்று லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படங்களில் பார்க்கிறேன். ஐந்தாம் பட்டையிலிருந்து (அண்மை அகச்சிவப்பு ஒளி) நான்காம் பட்டையை (சிவப்பு ஒளி) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பசுமைக் குறியீடு, அதாவது செடிகொடிகளின் பசுமையைக் காட்டும் எண், எடுத்துவிட்டேன். அதுவரை சரி. வானவில் நிறங்களில் வரைந்தால், மஞ்சள் வரும் இடத்தில் நிலத்தில் இல்லாத எல்லை ஒன்று தெரிகிறது. விரிடிஸ் நிறவரிசையில் (கருஊதாவிலிருந்து பச்சை வழியாக மஞ்சளுக்குச் சீராக மாறுவது) அது மறைகிறது, ஆனால் சின்ன வயல்கள் பிரிந்து தெரியவில்லை. 30 மீட்டர் பிக்சலில் அதை எதிர்பார்ப்பதே தவறா? 10 மீட்டர் சென்டினல் 2 படங்களுக்கு மாறலாமா?

அப்புறம், மழை மாதங்களில் பாதிப் படம் மேகம்தான். பைத்தானில் அதை நீக்கிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள். எங்கள் தோப்பை அப்பாவுக்கு அந்தப் படத்தில் காட்ட ரொம்ப ஆசை.