ஐந்தரை மணிக்கு அழைப்பு மணி

காலை ஐந்தரைக்கு நான் ஜெபிக்க உட்காருவேன். வீட்டில் எல்லோரும் தூங்கும் அந்த அரை மணி நேரம்தான் எனக்கென்று கிடைப்பது. ஆனால் இது நடந்த சமயத்தில் ஒரு வருடத்துக்கு மேலாகவே என் ஜெபம் வறண்டு கிடந்தது. பெயர்களை வரிசையாகச் சொல்வேன், ஆமென் சொல்லி எழுந்துவிடுவேன். அந்தப் பக்கம் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வே இருக்காது. "இந்த நேரத்தையாவது யாரும் கலைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

அப்படி ஒரு நாள் அழைப்பு மணி அடித்தது. மாடியில் தனியாக இருக்கும் பெரியவர் நின்றிருந்தார். கண்புரை அறுவை முடிந்து மூன்றாம் நாள். கையில் இரண்டு சொட்டு மருந்து.

"தம்பி, கை நடுங்குது. சொட்டு கன்னத்துல போய் விழுது. கொஞ்சம் விட்டுடறீங்களா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, அவருடைய கீழ் இமையை லேசாக இழுத்து, மருந்தின் முனை கண்ணில் படாமல் ஒரு சொட்டு விட்டேன். சரி, அடுத்ததையும் விட்டு அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், "அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் அடுத்தது. உடனே விட்டா முதல் மருந்து கழுவிட்டுப் போயிடுமாம்" என்றார். கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பகலில் அவருக்கு உதவ ஆள் உண்டு, விடியற்காலைச் சொட்டுக்குத்தான் யாருமில்லை.

முதல் வாரத்தில் ஒரு நாள், அந்த ஐந்து நிமிடத்தில் பைபிளில் மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தேன். யவீருவின் மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள். இயேசு அவன் வீட்டுக்குப் போகும் வழியில், பன்னிரண்டு வருடமாகப் பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத, ஒரு பெண் கூட்டத்தில் அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று தேடுகிறார், அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். எத்தனையோ முறை படித்த பகுதி. பக்கத்தில் தவித்துக்கொண்டு நின்றிருக்கக்கூடிய யவீருவை நான் ஒரு முறைகூட நினைத்ததில்லை. அன்று நினைத்தேன். அவனுக்கு அது எப்பேர்ப்பட்ட இடைஞ்சல்!

அப்புறம் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. டார்லி, பாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 40 இறையியல் மாணவர்களைப் பேசுவதற்காக இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். பாதிப் பேருக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமைதான் தலைப்பு. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமினார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது பெரிய வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. ஒரு வருடமாக நான் எந்தக் கூட்டத்தில் இருந்தேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது வலித்தது.

அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டேன். அவர் கண்ணை மூடியிருப்பார், நானும் மூடிக்கொள்வேன். பெயர் வரிசை எதுவும் சொல்வதில்லை. ஒரு நாள் அப்படிச் சும்மா இருக்கும்போது, அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை என்று பட்டது. இதை விளக்க எனக்கு வராது. இருட்டு இன்னும் விலகவில்லை, அவருடைய மூச்சுச் சத்தம் கேட்கிறது, கன்னத்தில் மருந்து ஒரு கோடாக வழிகிறது. "துடைங்க தம்பி" என்று அவர் சொன்னபோது என் கண்ணையும் சேர்த்துத் துடைக்க வேண்டியிருந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு மருத்துவர் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். மறுநாள் ஐந்தரைக்கு மணி அடிக்கவில்லை. முன்பு நான் கேட்ட அதே அமைதி. சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மாடிப்படி ஏறிப் போனேன்.

"ஐயா, முழிச்சாச்சா?"

கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.