எட்டுப் பேர், இரண்டு நாள், குறைந்த செலவு: ஊர்ச் சாப்பாட்டுப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி

நண்பர்கள் எட்டுப் பேர் சனிக்கிழமை காலையில் கிளம்பி, ஞாயிறு இரவில் திரும்பும்படி ஒரு சிறு பயணம் போக விரும்புகிறோம். போகும் ஊரில் மக்கள் அன்றாடம் உண்பதை உண்டு பார்ப்பதே நோக்கம். இருவர் சைவம், இருவர் மாணவர்கள், ஒருவருக்கு நிலக்கடலை ஒவ்வாது. சென்ற முறை முதல் நாள் மதியமே வயிறு முட்ட உண்டுவிட்டதால், இரவில் ஒருவரும் கை நனைக்கவில்லை. இந்த முறை எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

பதில் 1

இத்தகைய பயணத்தில் பணத்துக்கு முன்பே தீர்ந்துவிடுவது பசிதான். இரண்டு நாளில் ஒருவருக்கு ஆறு வேளைதான் இருக்கிறது என்பதால், எந்த வேளையை எதற்கு ஒதுக்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்கார நினைத்தால் சிறிய கடைகளில் இடம் கிடைக்காமல் பெரிய உணவகத்துக்குத்தான் போக நேரும். அங்கே செலவு கூடும், அந்த ஊரின் கைப்பக்குவமும் பெரும்பாலும் குறைந்திருக்கும். நான்கு நான்கு பேராகப் பிரிந்து, மேசைக்கு மூன்று வகை மட்டும் வாங்கிப் பகிர்ந்து, பிடித்ததை மறுபடி கேளுங்கள். மதியச் சாப்பாட்டைப் பெரிதாகவும் இரவுச் சாப்பாட்டை எளிதாகவும் வைத்துக்கொள்வது வயிற்றுக்கும் நல்லது. அறை சந்தைக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கட்டும். காலையில் சந்தையைச் சுற்றி வந்தால், அந்தப் பருவத்தில் எது விளைந்து வருகிறது என்று தெரிந்துவிடும். அன்று எதைக் கேட்டு உண்ணலாம் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

பதில் 2

செலவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அறை வாடகையையும் வண்டிச் செலவையும் எட்டாகப் பிரியுங்கள். சாப்பாட்டுச் செலவை அப்படிப் பிரிக்காதீர்கள். சைவம் உண்பவர் மற்றவர்களின் மீனுக்கும் இறைச்சிக்கும் பணம் கொடுப்பது முறையன்று, மாணவர்களும் அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள்.

பதில் 3

பகிர்ந்து உண்பது நல்ல யோசனைதான், ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவே ஆபத்தாகலாம். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போகும் கரண்டியே போதும். ஆகவே அவருடைய பங்கை மற்றவர்கள் தொடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். உணவில் கடலை இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள், அதே சட்டியில் வேறு எதைப் பொரித்தார்கள் என்றும் சமைப்பவரிடமே கேளுங்கள். வேற்று மொழி பேசும் ஊரென்றால் இதை அம்மொழியில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்திருங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசியை மருத்துவர் எழுதித் தந்திருந்தால், அது அறையில் உள்ள பெட்டியில் இல்லாமல் அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கும் ஒன்று: 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் கிருமிகள் விரைவாகப் பெருகும். எனவே சமைத்து 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் ஆறிக் கிடந்ததை வாங்காமல், கண்ணெதிரே அடுப்பிலிருந்து இறக்குவதை வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சாப்பாட்டுக் கணக்கை இரண்டாகப் பிரித்துவிட்டோம். ஒவ்வாமை உள்ள நண்பரிடம் கேட்டபோது, தம் பங்கை முதலில் எடுத்து வைப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார். இனி எல்லா வேளையும் அவர் தட்டுதான் முதலில் நிறையும்.