பொருள்: ‘பேக் கம்ப்ரஷன்’ என்பதற்கு ‘நழுவுவளி’ சரிவருமா?

> ‘பின்னழுத்தம்’ என்றே வைத்துவிடலாமே. மெக்கானிக்குகள் சொல்வது அப்படியே தமிழில் வந்துவிடுகிறது.

வணக்கம் ஐயா. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சைலன்சர் அடைத்துக்கொண்டால் புகை வெளியேற முடியாமல் என்ஜினையே எதிர்த்துத் தள்ளும். பின்னழுத்தம் என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். ‘பேக் கம்ப்ரஷன்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது வேறு. சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவில் கொஞ்சம், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டி, கீழே ஆயில் இருக்கும் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடுகிறது. புது என்ஜினிலும் சிறிதளவு உண்டு. ரிங் தேய்ந்த வண்டியில் அதிகம்.

பெயருக்காக இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம், ஆயில் ஒழுகலுக்குப் பார்க்கும் வைத்தியமே இதை வைத்து மாறும் என்பதுதான். இங்கே பெங்களூரு வில்சன் கார்டனில் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய மாருதி 800 இருக்கிறது. ஜே.சி. ரோட்டில் ஆயில் சீல் (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) வாங்கி மாட்டுவார். கொஞ்ச நாள் தரை சுத்தமாக இருக்கும், அப்புறம் அதே கறை. வால்வு கவர் கேஸ்கெட்டும் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு மெக்கானிக், என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். குபுகுபுவென்று புகை. மூடியைத் திருகாமல் சும்மா வாய்மேல் வைத்தால் அது துள்ளியது. உள்ளே சேரும் வளி வெளியேற, வால்வு கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் பிரீதர் குழாயைக் கழற்றினால், உள்ளே தார் மாதிரி கெட்டிப்பட்ட கசடு. ஊதினால் காற்று போகவில்லை. வெயிட் துளை அடைத்த குக்கரில் நீராவி கேஸ்கெட் வழியே பீறிடுமே, அதுதான் நடந்திருக்கிறது. வெளியேற வழியில்லாத வளி, எண்ணெயைச் சீல் விளிம்பு வழியாகத் தள்ளியிருக்கிறது.

குழாயைச் சுத்தம் செய்ததும் மூடி அடங்கிவிட்டது. ரிங்கும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை (கம்ப்ரஷன்) அளந்துவிட்டு, ஸ்பார்க் பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். அளவு நன்றாக ஏறினால் ரிங் போய்விட்டது என்று அர்த்தம். இதில் பெரிதாக ஏறவில்லை. அதற்குப் பிறகு போட்ட சீல்தான் நிலைத்தது.

ஆகவே இதற்கு வந்த இன்னொரு பரிந்துரையான ‘கசிவளி’யும் எனக்கு ஒப்பவில்லை. கசிவு எண்ணெய்க்கே இருக்கட்டும். காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே சொல் வந்தால் படிப்பவர் மறுபடி சீல் கடைக்குத்தான் ஓடுவார். ரிங்கை விட்டு நழுவுகிற வளி என்பதால் ‘நழுவுவளி’ என்கிறேன். சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. பிரீதருக்கு ‘மூச்சுக்குழல்’ வேண்டாம், அது மருத்துவத்தில் நிலைத்துவிட்டது. புகைபோக்கி எல்லோருக்கும் தெரியும். அந்த வழியில் ‘வளிபோக்கி’ எனலாம்.

பழுதுபார்ப்புக் கையேட்டில் இந்தச் சொற்கள் இப்படி வரும்: “வளிபோக்கி அடைத்திருந்தாலோ நழுவுவளி மிகுந்திருந்தாலோ, சீலை மட்டும் மாற்றினால் ஒழுகல் நிற்காது.” எனக்குத் தடையில்லாமல் படிக்க முடிகிறது. ‘வுவ’ நாக்கில் இடறுகிறது என்றால் ‘நழுவளி’ என்று சுருக்க இலக்கணம் இடம் தருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.