சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராதா?

வேலியோரம்:
நேற்று இங்கே ஒருவர், வீட்டைச் சுற்றி நாலு சிறியாநங்கை நட்டால் போதும், பாம்பு எட்டிக்கூடப் பார்க்காது என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எங்கள் கொல்லையில் ஏழெட்டுச் செடி நிற்கிறது. போன வாரம் தூரில் கிடந்த சருகை விலக்கினால் ஒன்றரை முழத்துக்குப் பாம்புச்சட்டை. தொட்டால் இன்னும் ஈரம். செடியை நம்பிப் பிள்ளைகளைக் கொல்லையில் விடாதீர்கள்.

காவிரிக்கரை:
எழுதியது நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் 12 வருடமாகச் செடி இருக்கிறது, ஒரு பாம்பு வந்ததில்லை. உங்களிடம் இருப்பது நிலவேம்பாக இருக்கும். சிறியாநங்கை இலை மிளகாய் இலை மாதிரி ஒல்லியாக இருக்கும்.

வேலியோரம்:
ஒல்லியாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லித்தான் நாட்டு மருந்துக்கடையில் கொடுத்தார்கள். ஒரு இலையை மென்றால் அரைமணி நேரம் நாக்கை விட்டுக் கசப்பு போகாது.

காவிரிக்கரை:
வேப்பிலையும்தான் கசக்கும். படம் போடுங்கள்.

மாடித்தோட்டம்:
எந்தச் செடியாக இருந்தால் என்ன சார்? பாம்பு நாக்கை நீட்டி வாசனையைப் பிடித்து, மேலண்ணத்தில் இருக்கும் உறுப்பில் கொடுத்து மோப்பம் பார்க்கிறது. அது தேடி வருவது எலியை. என் மாமனார் வீட்டில் பூண்டை இடித்துத் தெளித்தார்கள், பினாயில் ஊற்றினார்கள், சாரை வந்துகொண்டேதான் இருந்தது. கோழித்தீவனத்தை மூடி வைத்து எலியை ஒழித்த பிறகுதான் நின்றது.

காவிரிக்கரை:
மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும் அம்மா? வயலோரம் குடியிருந்துவிட்டுப் பேசுங்கள்.

மாடித்தோட்டம்:
மாமனார் வீடு மன்னார்குடிப் பக்கம், கொல்லைக்கதவைத் திறந்தால் வயல். படிக்காமல் பதில் போடாதீர்கள்.

செங்கல்பட்டான்:
வடநெம்மேலியில் 1978-லிருந்து இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம் இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள். அவர்கள் பாம்பைத் தேடுவதே எலி வளையை வைத்துத்தான். அக்கா சொல்வது சரி.

காவிரிக்கரை:
இருளரிடமும் பச்சிலை உண்டு தம்பி. பாட்டன் பூட்டன் காலத்து அறிவை இப்படி ஒரே வரியில் தள்ளாதீர்கள்.

வேலியோரம்:
பாட்டன் அறிவை யாரும் தள்ளவில்லை. என் பாட்டிதான் களத்தில் வைக்கோலை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடவிட மாட்டாள். அதுவும் பாட்டன் காலத்து அறிவுதானே?

எங்கள் தெருவில் ஒரு பெண் பாயில் படுத்திருந்தாள். இரவில் ஏதோ எறும்பு கடித்த மாதிரி இருந்ததாம், திரும்பிப் படுத்துவிட்டாள். விடியற்காலை வயிற்றுவலி, கண்ணிமை தொங்கிவிட்டது, பேச்சு குழறியது. கட்டுவிரியன். கடித்த இடத்தில் வீக்கமே இல்லை. 108-ஐக் கூப்பிட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தாள். அந்த வீட்டு வாசலிலும் சிறியாநங்கை இருந்தது. நான் கண்ணால் பார்த்தது.

இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் இதை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகவே அறிவித்துவிட்டார்கள். செடி போதும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவன் செங்கல் குவியலையும் தென்னை மட்டையையும் அப்படியே விட்டுவிட்டால் யார் பொறுப்பு? குளியலறைத் தண்ணீர் போகும் குழாய் வாய்க்குக் கம்பிவலை கட்டுங்கள். கதவடி இடுக்கை அடையுங்கள். தரையில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள்.

காவிரிக்கரை:
செடி வைத்தால் குப்பையைக் கூட்டாதீர்கள் என்று நான் எங்கே எழுதினேன்? எங்கள் வீட்டில் 12 வருடமாக வரவில்லை. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்:
வந்ததை நீங்கள் பார்க்கவில்லை என்றும் இருக்கலாமே.

காவிரிக்கரை:
என் வீட்டுக்கு வந்து பார்த்தீர்களா? படம் எங்கே?

வேலியோரம்:
மாம்பூ கொட்டாமல் இருக்க மோர்க்கரைசல் தெளிப்பது பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் படம் படம் என்று கேட்டீர்கள். போட்டதும் வேறு மரம் என்றீர்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. இருந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் எடுத்து வந்திருக்கிறேன், பாருங்கள்.

காவிரிக்கரை:
அது வேறு மரம்தான், இன்றைக்கும் சொல்வேன். இந்தப் படத்தில் பூ இல்லை. பூ இல்லாமல் எப்படிச் சொல்வது?

வேலியோரம்:
பாம்புச்சட்டையை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அதைப் படம் எடுத்துப் போடட்டுமா?

காவிரிக்கரை:
சட்டை எனக்கு எதற்கு? பூத்ததும் போடுங்கள், அப்புறம் சொல்கிறேன்.