மலையக மாணவி மின் பொறியியலைத் தெரிவு செய்யலாமா?

ஹட்டன் மாணவி: உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் கற்றுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். மின் பொறியியலே என் விருப்பம். ஆனால் தோட்டத்தில் வேலை செய்யும் என் பெற்றோர், மின்சாரம் ஆபத்தானது, பெண்பிள்ளைக்கு ஏற்றதன்று என அஞ்சுகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பேராதனைப் பட்டதாரி: தங்கையே, மின்கம்பத்தில் ஏறுவது இத்துறையின் ஒரு சிறு பகுதி மட்டுமே. மின்வலைப்பின்னலைத் திட்டமிடுதல், பழுது ஏற்பட்ட கணத்தில் அப்பகுதியை மட்டும் துண்டிக்கும் பாதுகாப்பு முறைகளை வடிவமைத்தல், சூரிய மின்சாரம் கூடும்போதும் குறையும்போதும் அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில் நிலைநிறுத்துதல் ஆகியவற்றைப் பெண் பொறியியலாளர்கள் திறமையாகச் செய்கிறார்கள். உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு: கணிதம் பிடிக்குமா? திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டமான ஆடலோட்டத்தின் சுற்றுகளைச் சிக்கலெண்கள் கொண்டே கணிப்போம். தொகையீடும் வகையீட்டுச் சமன்பாடுகளும் நான்கு ஆண்டுகளும் உடன்வரும். பேராதனையில் முதலில் பொதுப் பாடங்களைக் கற்ற பின்னரே துறை ஒதுக்கப்படுவதால், தொடக்கப் பெறுபேறுகளில் மிகுந்த கவனம் தேவை.

தலவாக்கலை ஆசிரியர்: மகளே, பெற்றோரின் அச்சம் அன்பிலிருந்து வருவது, அதைப் பொறுமையாகத் தீர்த்து வையுங்கள். 1950இல் மலையகத்தின் லக்சபான நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. எங்கள் ஊரருகே 150 மெகாவாற் திறனுள்ள ‘மேல் கொத்மலை’ நீர்மின் திட்டம் இயங்குகிறது. மலையகத்து நீரிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் பிறக்கையில், அத்துறையில் மலையகப் பிள்ளைகள் பொறியியலாளர்களாக அமர்வதை நான் மனதார விரும்புகிறேன். அனுமதி கிடைக்காவிட்டால், உயர் தேசிய டிப்ளோமா வழியையும் விசாரியுங்கள்.