'பேட்ரோனிமிக்': லெய்ஃப் எரிக்சனுக்குத் 'தந்தைவழிப் பெயர்' பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'பேட்ரோனிமிக்' (எரிக்சன் என்றால் 'எரிக்கின் மகன்' என்பது போலத் தந்தையின் பெயரிலிருந்து அமையும் பின்பெயர்) என்பதற்குத் 'தந்தைவழிப் பெயர்' போதும் என்று இந்த இழையில் இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். வைக்கிங் கடலோடி லெய்ஃப் எரிக்சன் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் அது எங்கே இடிக்கிறது என்று புரிந்தது.

லெய்ஃபின் குடும்பத்தைப் பாருங்கள். தோர்வால்ட் ஒரு கொலைப் பழியால் நார்வேயை விட்டு ஐஸ்லாந்துக்குப் போனவர். அவர் மகன் எரிக் தோர்வால்ட்சன், 'சிவப்பு எரிக்' என்று பேர்பெற்றவர். ஐஸ்லாந்திலிருந்து மூன்றாண்டு நாடுகடத்தப்பட்ட அவர் கிரீன்லாந்துக் கரையைச் சுற்றிப் பார்த்து, 985 வாக்கில் அங்கே ஆட்களைக் குடியேற்றினார். அவர் மகன் லெய்ஃப் எரிக்சன் 1000ஆம் ஆண்டை ஒட்டி வட அமெரிக்காவில் இறங்கினார். லெய்ஃபின் மகன் தோர்கில்ஸ் லெய்ஃப்சன். தலைமுறைக்கு ஒரு கடல் தாண்டியது போலவே பின்பெயரும் தலைமுறைக்கு ஒன்றாக மாறிக்கொண்டே போகிறது. 'வழி' என்றால் நமக்கு வழிவழியாக வருவது. இந்தப் பெயரோ ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகிறது, நம் தலைப்பெழுத்தைப் போல.

'குடும்பப் பெயர்' என்பது இன்னும் பெரிய பிழை. நம் பத்திரிகைகள் 'எரிக்சன் கரையேறினார்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. அவரை லெய்ஃப் என்றுதான் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்தில் தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதைக்கூட இயற்பெயர் வரிசையில்தான் அடுக்கினார்கள். இன்றைய ஸ்வீடனில் எரிக்சன் என்று ஒருவர் இருந்தால் கதை வேறு. அவருடைய அப்பா பெயர் எரிக்காக இருக்க வேண்டியதில்லை. அது என்றோ உறைந்துபோன பெயர், அதைக் குடும்பப் பெயர் என்பதுதான் சரி.

லெய்ஃப் என்ற பெயரும் இந்தப் பேச்சுக்கு உரியதே. அக்கால ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் அது 'லெய்ஃப்ர்', விட்டுச்செல்லுதல் என்ற வினையோடு உறவுள்ள சொல். ஒருவர் விட்டுச்சென்றவன், அதாவது வழித்தோன்றல். ஓலாஃப் என்ற பெயரின் பின்பாதியும் இதுவே: முன்னோரின் வழித்தோன்றல். ஆக 'லெய்ஃப் எரிக்சன்' என்பதில் முன்பாதியும் பின்பாதியும் ஒரே சேதியைச் சொல்கின்றன. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

அப்புறம், லெய்ஃபின் தம்பியோ அண்ணனோ ஒருவர் பெயர் தோர்வால்ட். தாத்தாவின் பெயர்! நம் 'பேரன்', பெயரைத் தாங்கும் 'பெயரன்', அப்படியே அங்கே நிற்கிறான். 'தந்தைவழிப் பெயர்' என்றால் இதையும் அதற்குள் அடக்கத் தோன்றும். ஆனால் இது வேறு வழக்கம், இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல் வேண்டும்.

நம்மிடம் இலக்கணமே இருக்கிறது. தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் மக்கள்முறை சொல்லும்போது பெயரும் பெயரும் சேர்வதற்கு விதி உண்டு. சாத்தன் மகன் கொற்றன், சாத்தங்கொற்றன். நோர்ஸில் 'சன்' என்று மகனையே ஒட்டுகிறார்கள், இங்கே இரு பெயருக்கும் நடுவில் வரும் 'அம்' என்ற சாரியை அந்த வேலையைச் செய்கிறது. அங்கிருந்து 'மகமுறைப் பெயர்' என்று எடுக்கலாமா என்று முதலில் நினைத்தேன். ஆனால் முறைப்பெயர் என்றால் தந்தை, தாய் போன்ற உறவுச்சொல் என்று ஏற்கெனவே வழங்குகிறது. கைவிட்டேன்.

என் பரிந்துரை: தந்தையடிப் பெயர். வினையடியாகப் பிறந்த பெயர் என்கிறோமே, அதே 'அடி'. தந்தையின் பெயர் அடியாகப் பிறந்தது என்ற பொருள் நேராக வருகிறது, மகள்களையும் விலக்கவில்லை. லெய்ஃபின் உடன்பிறந்தாள் ஃப்ரெய்டிஸ் எரிக்ஸ்டோட்டிர், 'எரிக் மகள்', இதற்குள் இயல்பாக அடங்குகிறாள். தாய் பெயரால் வருவது தாயடிப் பெயர். டென்மார்க் அரசன் ஸ்வென் எஸ்ட்ரிட்சன் அப்படித்தான் அறியப்பட்டான். அரச குலத்தில் பிறந்தவள் அவன் தாய் எஸ்ட்ரிட் என்பதே காரணம்.

கட்டுரையில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "எரிக்சன் என்பது லெய்ஃபின் தந்தையடிப் பெயர், அவருடைய பிள்ளைகளுக்கு அது வராது." வாசிக்கையில் தடுக்கினால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.